பத்தொன்பது பக்கம் ஏச்சு

சாயங்காலம் ஆறே கால் ஆனால் போதும், உச்சிமாகாளியின் வீட்டுக்குள் இன்னொரு ஆம்பிளையின் குரல் கேட்க ஆரம்பித்துவிடும்.

"தலைவர் அவர்களே, இந்த ஆண்டு மழையை நம்பி விதைத்த விவசாயிகளுக்கு" என்று தொடங்கி, அந்தக் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். மூச்சு வாங்காது, திக்காது, அவசரப்படாது. தங்கமாரி செல்போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் இருக்கும் நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருப்பாள். குரல் நின்றால்தான் அவள் தலை நிமிரும். அதுவரை அடுப்பில் பால் பொங்கினாலும், வாசலில் ஆள் வந்து கூப்பிட்டாலும், புருஷன் எழுந்து காப்பி கேட்டாலும் அவளுக்குக் காது கிடையாது. இருக்கிற காதெல்லாம் அந்தக் குரலுக்குத்தான்.

குரலுக்குச் சொந்தக்காரன் பெயர் தௌசிப். கயத்தாற்றுப் பையன், வயது இருபத்தேழு. தங்கமாரி படிக்கிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அவனும் சுருக்கெழுத்து படிக்கிறான். தங்கமாரிக்கு முப்பத்தெட்டு ஆகிவிட்டது. மகள் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். தௌசிப் தங்கமாரியை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகப் போய்விடுமா என்பதுதான் உச்சிமாகாளியின் கேள்வி. மார்க்கெட்டில் அவன் பார்த்தவரைக்கும், வாய் நிறைய அண்ணாச்சி என்று கூப்பிட்டவன்தான் எடையில் கைவைத்திருக்கிறான்.

உச்சிமாகாளிக்குத் தொழில் ஏலம் கூறுவது. கோவில்பட்டி மார்க்கெட்டில் செய்யது அலியின் காய்கறி கமிஷன் கடையில் இருபத்திரண்டு வருஷமாக விடியற்காலையில் ஏலம் கூறுகிறான். கத்தரிக்காய் மூட்டையின் மேல் ஒரு காலை வைத்து நின்றுகொண்டு அவன் விலையை ஏற்றினால், மார்க்கெட்டின் அந்த மூலையில் வெங்காயம் தரம் பிரிக்கிற பொம்பளைகள் வரை திரும்பிப் பார்ப்பார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. நிலம் கிடையாது, கடை கிடையாது. பிழைப்பு முழுவதும் தொண்டையில்தான். கல்யாணமான புதிதில் தங்கமாரி ஒரு நாள் விடியக்காலம் மார்க்கெட்டுக்கு வந்து, அவன் ஏலம் கூறுவதை ஓரமாக நின்று கேட்டாள். இப்படி மூச்சு விடாமல் பேச எப்படி வருகிறது என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். அதை அவன் மறக்கவில்லை. அந்த வீட்டில் குரல் என்றால் அது அவன் குரல்தான் என்று நினைத்திருந்தான். இப்போது குடத்தில் சாய்ந்துகொண்டு ஒருத்தன் பேசுகிறான், அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்கிறாள்.

இதை நாசூக்காகச் சொல்ல ஒன்றுமில்லை. பொறாமை. வேறு பெயர் கிடையாது அதற்கு.

தங்கமாரி ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறாள். டைப்பில் ஹையர் வரைக்கும் தேறியவள். சுருக்கெழுத்தில் ஜூனியரும் தேறிவிட்டால் அரசாங்கத்தில் ஸ்டெனோ வேலைக்கு மனுப் போடலாம். போன தடவை பரீட்சைக்குப் போனாள். மூன்றாவது நிமிடத்தில் ஒரு சொல்லுக்குச் சுருக்கெழுத்துக் கோடு ஞாபகம் வராமல் கை நின்றது. கை நின்றால் வாசிக்கிறவர் நிற்பாரா? அவர் போய்க்கொண்டே இருந்தார். இவள் விட்டதைப் பிடிக்கப் பார்த்து வந்ததையும் விட்டாள். இந்தத் தடவையும் தவறினால் இனிமேல் பென்சிலைத் தொடப் போவதில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

இன்ஸ்டிடியூட்டை நடத்துகிறவர் மெஹராஜ் பேகம். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வேகம் ஒத்த இரண்டு பேரைப் பிடித்து எதிரெதிர் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார். ஒருவர் வாசிக்க வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். எழுதி முடித்ததும் நோட்டைக் கைமாற்றி, இவள் எழுதியதை அவனும் அவன் எழுதியதை இவளும் வாசித்துக் காட்ட வேண்டும். கோடு சுத்தமாக இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். நிமிடத்துக்கு எண்பது சொல் எழுதுகிறவளைக் கொண்டுபோய் அறுபதில் எழுதுகிறவளோடு போட்டால் இரண்டு பேரும் கெட்டுப்போவார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கூட்டத்தில் எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்கமாரியும் தௌசிப்பும்தான். அதனால் ஜோடி சேர்ந்தார்கள். ஜோடி என்ற அந்தச் சொல்லைத் தங்கமாரி ஒரு நாள் சாதாரணமாக வீட்டில் சொல்லிவிட்டாள். அன்றைக்கு உச்சிமாகாளிக்குச் சோறு இறங்கவில்லை.

இன்ஸ்டிடியூட்டில் கிடைக்கிற ஒரு மணி நேரம் போதாது. வீட்டிலும் கை ஓட வேண்டும். அதற்காகத்தான் தௌசிப் பழைய பரீட்சைப் பத்திகளை எல்லாம் நிமிடத்துக்கு எண்பது சொல் என்று எண்ணி வாசித்துப் போனில் பதிவு செய்து அனுப்பினான். ஒவ்வொன்றும் ஏழு நிமிடம். மொத்தம் நாற்பத்து மூன்று.

உச்சிமாகாளி முதலில் நியாயமாகத்தான் ஒரு காரியம் செய்தான். நானே வாசிக்கிறேன், நீ எழுது என்றான். தங்கமாரி சந்தோஷமாகவே புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். 'கூட்டுறவு' என்ற சொல்லில் நின்றான். 'மேம்பாட்டுத் திட்டங்களின்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். தங்கமாரியின் பென்சில் தாளில் தொட்டபடி காத்துக்கொண்டிருந்தது. அப்படிக் காத்திருந்த பென்சிலைப் பார்த்ததும் அவனுக்கு வியர்த்துவிட்டது. ஒரு நிமிடத்தில் பதினாறு சொல். போதும், உங்களுக்குக் கண் வலிக்கும் என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். கண் வலிக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

புத்தகம் இல்லாமல் ஏலம் கூறுகிறேன், அதை எழுது என்றான். கூறவும் செய்தான். வீடு அதிர்ந்தது. தங்கமாரி கொஞ்ச நேரம் எழுதிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கத்தரிக்காய் என்று ஒரு கோடு, அதன் பின்னால் எண்ணாக வருகிறது, பரீட்சையில் கத்தரிக்காய் கேட்கமாட்டார்கள் என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவன் நெஞ்சில் அது முள்ளாகத்தான் ஏறியது. மறு நிமிடம் போனைக் குடத்தில் சாய்த்தாள். குரல் தொடங்கியது.

அதற்குப் பிறகு ஒரு நாள் வீட்டுச் சாவியைக் கொடுக்கிற சாக்கில் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனான். ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடி. படி ஏறி நின்றால் ஜன்னல் வழியாக உள்ளே தெரியும். தௌசிப் எதிரில் உட்கார்ந்து இவள் நோட்டைக் கையில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். பூனை மீசை மாதிரியும் நண்டுக்கால் மாதிரியும் கிடக்கிற அந்தக் கோடுகளை, தினத்தந்தி வாசிக்கிற மாதிரி வாசித்தான். ஒரு இடத்தில் நின்று, இங்கே கோடு தடிமன் பற்றாது என்று காட்டினான். அவள் தலையைக் குனிந்து பார்த்து, ஆமாம் என்றாள்.

தொடுவதோ சிரிப்பதோ ஒன்றும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால்கூட உச்சிமாகாளிக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். இருபது வருஷம் கூட வாழ்ந்த தன்னால் ஒரு கோடுகூட வாசிக்க முடியாத நோட்டை, மூன்று மாதம் எதிரில் உட்கார்ந்தவன் கடகடவென்று வாசிக்கிறான். தன் பெண்டாட்டியின் கைக்குள் இருப்பது தனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். சாவியைக் கொடுக்காமலே படியிறங்கிவிட்டான்.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்தான். எழுத்துதான் வராதே தவிர, போனில் குரல் அனுப்புவதும் கேட்பதும் அழிப்பதும் மார்க்கெட்காரனுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. ஒவ்வொன்றாக அமுக்கிப் பிடித்து நாற்பத்து மூன்றையும் அழித்தான். கடைசி ஒன்றை அழிப்பதற்கு முன்னால் காதில் வைத்துக் கொஞ்சம் கேட்டான். நல்ல குரல்தான். அதனால் அதையும் அழித்தான்.

அன்றைக்கு ஆறே காலுக்கு அவள் போனைக் கையில் எடுத்தாள். மேலே தள்ளிப் பார்த்தாள், கீழே தள்ளிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். தெரியாமல் கை பட்டிருக்கும் என்றான்.

"நாப்பத்து மூணு தடவையா கை பட்டுச்சு?" என்று கேட்டாள்.

அவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வேண்டுமானால் அந்தப் பயலிடம் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள் என்றான்.

"எப்பிடி அழிஞ்சுதுன்னு கேப்பானே. எம்புருசன் அழிச்சிட்டாவன்னு சொல்லவா? நான் கேக்க மாட்டேன்."

அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். யூடியூபில் யாரோ வாசித்ததைப் போட்டுப் பார்த்தாள். ஒன்று குதிரை வேகம், இன்னொன்றில் நடுவில் சோப்பு விளம்பரம். மூடி வைத்துவிட்டாள்.

வீட்டில் குரல் நின்றுவிட்டது. உச்சிமாகாளிக்கு நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்தது அவனுக்கு வேறு மாதிரி தெரிந்தது. தப்பு இல்லாதவள் என்றால் சண்டை போட வேண்டாமா? பேசாமல் இருக்கிறாள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படி நினைத்து அவன் ஏச ஆரம்பித்தான். முதல் நாள் காப்பி ஆறிப்போனதில் தொடங்கி தௌசிப்பில் கொண்டுபோய் முடித்தான். மறுநாள் தௌசிப்பிலேயே தொடங்கினான். அவனுக்குத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. தொழில் அப்படி.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, நோட்டை மடியில் வைத்து, அவன் ஏச ஏசப் பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தாள். ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தான் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருக்க, இவள் மதிக்காமல் யாருக்கோ என்னவோ எழுதுகிறாள் என்று அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கோ என்ன, அந்தக் கோட்டை வாசிக்கத் தெரிந்தவன் ஒருத்தன்தானே இருக்கிறான். இன்னும் வேகமாக ஏசினான். அவளும் இன்னும் வேகமாக எழுதினாள்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை, அவள் வக்கீல் ஆபீசுக்குப் போன பிறகு, உச்சிமாகாளி அந்த நோட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினான்.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சபியுல்லா பாய் உட்கார்ந்திருப்பார். ரிட்டயர் ஆன ஸ்டெனோ. எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. மனு எழுதிக் கொடுத்துப் பொழுதைப் போக்குகிறவர். அக்காள் மகள் நோட்டு, ஒழுங்காகப் படிக்கிறாளா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று உச்சிமாகாளி அவரிடம் நீட்டினான். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

முன்பக்கத்தில் இருந்து புரட்டினார். ஒவ்வொருத்தர் கைக்கும் ஒரு போக்கு உண்டு, எல்லாவற்றையும் அடுத்தவர் வாசித்துவிட முடியாது, ஆனால் இந்தப் பெண் கை சுத்தம் என்றார். கூட்டுறவுச் சங்க அறிக்கை, பருத்தி விலை பற்றி ஒரு சொற்பொழிவு, குடிதண்ணீர்த் திட்டம் என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் அவன் குடத்தடியில் கேட்டதுதான். பிறகு எழுதாத தாள்கள் வந்தன. அதைத் தாண்டி, நோட்டைத் திருப்பிப் பிடித்துக் கடைசியில் இருந்து வேறு என்னவோ எழுதியிருந்தது. அதைத்தான் வாசிக்க வேண்டும் என்றான் உச்சிமாகாளி.

சபியுல்லா பாய் முப்பத்தைந்து வருஷம் கோர்ட்டில் சாட்சிகளின் வாக்குமூலத்தை எழுதி வாசித்தவர். கொலையானாலும் வரப்புத் தகராறானாலும் அவருக்கு ஒரே குரல். அந்தக் குரலிலேயே வாசித்தார்.

"ஒரு காப்பி போட்டுத் தர ஒனக்குக் கை வரலை, அந்தப் பய வாசிச்சா மட்டும் கை பறக்குதோ. எங்கொரலு ஒனக்குக் கசக்குது. நான் படிக்காத பய. மூட்டை மேல ஏறி நின்னு கத்துத பய. அவன் மெத்தப் படிச்சவன். போ, அவங்கூடயே ஜோடி போட்டு உக்காரு."

ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன் சிரிப்பை அடக்கினான். பாய் யாரையும் பார்க்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதிலும் அவன்தான். அதற்கடுத்ததிலும். தேதி போட்டிருந்தது, நிமிடம் போட்டிருந்தது, ஓரத்தில் சொல் கணக்குப் போட்டிருந்தது. மொத்தம் பத்தொன்பது பக்கம். உச்சிமாகாளி அதையெல்லாம் பேசியபோது ஆத்திரத்தில் பேசினான், அதில் ஒரு நியாயம் இருந்த மாதிரி இருந்தது. இப்போது கோபதாபம் எதுவும் இல்லாத ஒரு கிழவர் வாயில் அது வரும்போது, எவனோ ஒரு அற்பப் பயல் பேசிய மாதிரி இருந்தது.

அவள் பதிலுக்கு என்ன எழுதியிருக்கிறாள் என்று மெதுவாகக் கேட்டான்.

"ஒண்ணும் இல்ல தம்பி. இதுல பேசினது ஒரே ஆளு. எழுதுன புள்ள வாயே தொறக்கல," என்றார் பாய். பிறகு ஓரத்துக் கணக்கைப் பார்த்து, "தொண்ணூறுக்கு மேல போயிருக்கா. ஒரு சொல்லை விடலை. பரீட்சைக்கு எண்பதுதான். இவ தேறிருவா," என்றார்.

பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் அவருக்கு வரவில்லை. சுருக்கெழுத்தில் ஒரே கோட்டை மெலிதாக இழுத்தால் ஒரு எழுத்து, அழுத்தி இழுத்தால் வேறு எழுத்து. அந்த வரியில் மட்டும் எல்லாக் கோடும் தடித்துக் கிடந்தது, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. இங்கே கை நடுங்கிவிட்டது என்று சொல்லி அதைத் தாண்டிப் போய்விட்டார்.

பாய்க்கு வராவிட்டாலும் உச்சிமாகாளிக்குத் தெரியும். முன்னும் பின்னும் வாசித்ததை வைத்து எந்த நாள் என்று தெரிந்துவிட்டது. மகள் லீவுக்கு வரட்டும், உன் அம்மா யோக்கியதை இதுதான் என்று அவளிடம் சொல்லுகிறேன் பார் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தான்.

பாய் வாசிப்புக்குக் காசு வாங்கவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, அக்காள் மகளைக் கட்டிய பையன் ரொம்பப் பேசுகிறான் போல என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் தங்கமாரி நோட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது அவன் சட்டைக்குள்ளிருந்து எடுத்து முன்னால் வைத்தான். பொய் சொல்லத்தான் நினைத்திருந்தான். வரவில்லை. சபியுல்லா பாயிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னேன் என்றான்.

"கிடைச்சுதா? தேடிப் போனது," என்று கேட்டாள்.

"பூரா நான்தான் இருந்தேன்."

அவள் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.

"எதுக்கு எழுதுன?" என்று கேட்டான். "எங்கிட்டயே திருப்பிச் சொல்லிக் காட்டவா?"

"ஒங்க பேச்சை வச்சு நான் என்ன செய்ய? எனக்கு வேகம் வேணும். இருந்த கொரலை அழிச்சிட்டிய. வீட்ல நிறுத்தாம பேசுத ஆளு நீங்க ஒருத்தர்தான். ஏசும்போது நல்ல வேகம். அதான் எழுதுனேன்."

இதைக் கேட்டதும் அவனுக்கு அவமானத்தோடு சேர்த்து இன்னொன்றும் வந்தது. கொஞ்சம் கேவலமான சந்தோஷம். பத்தொன்பது பக்கமும் தன் குரல். தௌசிப் குரல் ஒன்றுகூட இல்லை. இத்தனை நாள் அவள் கை ஓடியது தனக்குத்தான். மனுசன் மனசு எப்படிப்பட்ட குப்பைமேடு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்தச் சந்தோஷத்தில், இப்போதே பேசுகிறேன், எழுது என்றான். ஏசமாட்டேன், நல்லபடியாகப் பேசுகிறேன் என்றான். அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நோட்டை மடியில் வைத்தாள். அவன் தொண்டையைச் செருமினான். இன்றைக்கு மார்க்கெட்டில் வரத்து கம்மி என்றான். கயத்தாற்றுப் பக்கம் மழை இல்லை என்றான். கயத்தாறு என்று வாயில் வந்ததுமே பேச்சை மாற்றினான். மகள் போன் பண்ணினாளா என்று கேட்டான். பென்சில் எழுதிவிட்டுக் காத்திருந்தது. இருபது வருஷத்தில் பெண்டாட்டியிடம் நல்லதாகச் சொல்ல நினைத்தது எவ்வளவோ இருந்தது. ஒன்றும் வரிசையாக வரவில்லை. ஒரு நிமிடத்தில் இருபத்தொரு சொல்.

"ஏசாம பேச ஒங்களுக்கு வரலை," என்றாள் தங்கமாரி. வருத்தமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "பரீட்சைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. ஏசுங்க, இல்ல வேற வழி பாருங்க. ஆனா மகளை இழுக்காதிய. அங்கன என் கை நிக்குது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கயத்தாற்றுக்குப் பஸ் ஏறினான். போகிற வழியெல்லாம் கரிசல் வெடித்துக் கிடந்தது. உளுந்து போட்டவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹைவே ஓரத்தில் தௌசிப்பின் வாப்பாவுக்கு ஒரு சின்ன பேன்சிக் கடை. தௌசிப் வெளியே ஸ்டூல் போட்டு ஏறி, பிளாஸ்டிக் வாளிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். வாட்டசாட்டமான ஆளாக இருப்பான் என்று உச்சிமாகாளி மனதில் வைத்திருந்தான். அன்று ஜன்னல் வழியாக உட்கார்ந்திருந்ததைத்தானே பார்த்தான். இறங்கி நின்றால் தோள் உயரம்தான் இருந்தான். அதுவும் ஒரு ஆறுதலாக இல்லை. அந்த உடம்புக்குள்தான் அந்தக் குரல் இருக்கிறது.

"வாங்க அண்ணாச்சி," என்றான் அவன். அடையாளம் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு மாடிப்படியில் நின்றதைப் பார்த்திருப்பானோ என்று உச்சிமாகாளிக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை.

போன் கெட்டுப்போய் எல்லாம் அழிந்துவிட்டது, திரும்ப அனுப்ப வேண்டும் என்றான். அக்கா ஒன்றும் சொல்லவில்லையே என்றான் தௌசிப். அவள் சொல்லமாட்டாள் என்றான் இவன். பையன் இரண்டு விநாடி இவன் முகத்தைப் பார்த்தான். கெட்டிக்காரப் பயல், ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்தான்.

"அவ நம்பருக்கு வேண்டாம். என் நம்பருக்கு அனுப்பு," என்றான் உச்சிமாகாளி.

நாற்பத்து மூன்றும் வந்து சேரும் வரை அங்கேயே நின்றான். டீ சாப்பிடச் சொன்னார்கள், மறுத்துவிட்டான். கடன்பட்டது போதும் என்று நினைத்தான். பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் குரல் தன் சட்டைப் பையில் இருக்கிறது என்பது அவனுக்கு என்னவோ பூச்சி ஊர்கிற மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து ஆறே காலுக்கு அவனே போனை எடுத்துப் பொத்தானை அமுக்குவான். தொடங்கச் சொன்னால் தொடங்குவான், முடிந்ததும் நிறுத்துவான். நடுவில் நிறுத்திவிடக் கை துருதுருக்கும். ஒரு நாள் ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்தியும்விட்டான். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சார்ஜ் போய்விட்டது என்றான். திரும்பவும் முதலிலிருந்து போட்டான். அதனால் அன்றைக்குப் பன்னிரண்டு நிமிடம் தௌசிப்பின் குரலைக் கேட்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நிறுத்தவில்லை.

பரீட்சை திருநெல்வேலியில் ஒரு பாலிடெக்னிக்கில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமையானாலும் மார்க்கெட் உண்டு. செய்யது அலியிடம் லீவு சொல்லிவிட்டுக் கூடவே போனான். உள்ளே விடமாட்டார்கள். காம்பவுண்ட் சுவரோரம் வேப்பமரத்தடியில் நின்றான். உள்ளே தங்கமாரி, நாலு வரிசை தள்ளித் தௌசிப். மைக்கில் ஒரு ஆம்பிளைக் குரல் வாசிக்க ஆரம்பித்தது. தெரியாத குரல். மூன்றாவதாக ஒருத்தன் என்று நினைத்துக்கொண்டான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றாவது நிமிடம் வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டான். அவள் கை இப்போது நிற்கிறதா, ஓடுகிறதா என்று வெளியே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? குரல் போய்க்கொண்டே இருந்தது. அவன் மெதுவாக, தனக்குள், எழுது எழுது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தபோது இரண்டு பேரும் பேசிக்கொண்டேதான் வந்தார்கள். உச்சிமாகாளி எழுதினாயா என்று கேட்பதற்குள், ஒரு சொல் விடவில்லை என்று அவளே சொன்னாள். முகம் அப்படி மலர்ந்து அவன் பார்த்து வெகு நாளாகிறது. அந்த முகம் முதலில் யாருக்குக் கிடைத்தது, ஹாலுக்குள் தௌசிப்புக்கா, வெளியே தனக்கா என்று அந்த நேரத்திலும் அவன் புத்தி போனது.

கோவில்பட்டி பஸ்ஸில் மூன்று பேர் சீட் ஒன்றுதான் காலியாக இருந்தது. தங்கமாரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தௌசிப் தயங்கி நின்றான். உச்சிமாகாளி சட்டென்று நடுவில் போய் உட்கார்ந்தான். அதன் பிறகுதான் பையன் ஓரத்தில் உட்கார்ந்தான்.

உட்கார்ந்ததுமே இவனைத் தாண்டிப் பேச்சு ஆரம்பித்தது. கடைசிப் பத்தியில் ஒரு சொல்லுக்கு நீ எப்படிக் கோடு போட்டாய் என்று அவள் கேட்டாள். சொல்லிப் புரியவைக்க முடியாது, எழுதித்தான் காட்ட வேண்டும் என்றான் அவன். தங்கமாரி தன் ஹால் டிக்கெட்டை எடுத்துப் பின்புறமாகத் திருப்பி, பரீட்சை அட்டையின் மேல் வைத்து, அட்டையை உச்சிமாகாளியின் தொடைமேல் வைத்தாள். ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். இந்தப் பக்கமிருந்து அவள் ஒரு வளைவு போட்டாள். அந்தப் பக்கமிருந்து அவன் அதே சொல்லுக்கு வேறு மாதிரி ஒரு வளைவு போட்டான். இரண்டும் தன் மடிமேல் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பதை உச்சிமாகாளி குனிந்து பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை.

"இதுல எது சரி?" என்று கேட்டான்.

"ரெண்டும் சரிதான்," என்றாள் தங்கமாரி.

அவனுக்கு அது பிடிக்கவில்லை. தௌசிப் இறங்க வேண்டிய கயத்தாறு வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவன் அட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.